சொதி வைத்தது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிவி சமையல் நிகழ்ச்சிகளைப் பற்றி உங்கள் கடிதப் பகுதியில் சில வாரமாக ஒரு வாக்குவாதம் ஓடுகிறது. நானும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒருவர் சாப்பாடு வீணாகிறது என்கிறார். இன்னொருவர், நடுவர்கள் தட்டைப் பார்த்து முகம் சுளிப்பது அன்னத்துக்கே அவமரியாதை என்கிறார். வெங்காயம் பூண்டு இல்லாமல் ஒரு நாளாவது சமைத்துக் காட்டக் கூடாதா என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். எல்லாம் சரி. ஆனால் இவர்களில் யாரும் அந்த செட்டுக்குள் போய்ப் பார்த்ததாகத் தெரியவில்லை. நான் போய்ப் பார்த்தேன். என் புகார் வேறு.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். கிராமங்களில் தொடங்கிய சத்துணவுத் திட்டம், அந்த செப்டம்பரில் நகரங்களுக்கும் வந்தது. கொஞ்ச காலம் கழித்து வடசென்னையில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராகச் சேர்ந்தேன். அந்த வேலையிலேயே ஓய்வும் பெற்றேன். தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு அரிசி 100 கிராம், ஆறாம் வகுப்பு முதல் 150 கிராம், பருப்பு இத்தனை, எண்ணெய் இத்தனை என்று தராசில் நிறுத்துக் கொடுத்து, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டவள். 2010-இல் வாரத்துக்கு 5 முட்டை என்று ஆனதும், ராத்திரி தூக்கத்தில்கூட முட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். அதனால் யார் எதைச் சமைத்துக் காட்டினாலும் எனக்கு முதலில் கேட்கத் தோன்றுவது இரண்டு கேள்விதான். எத்தனை பேருக்கு? எவ்வளவு நேரம்?

நான் போன நிகழ்ச்சியின் பெயரையும் சேனலின் பெயரையும் எழுதப்போவதில்லை. என் தம்பி மகன் அங்கே கேமரா உதவியாளராக இருக்கிறான். அவன் பிழைப்பில் மண்ணைப் போட எனக்கு மனசில்லை. 2019-இல் விஜய் டிவியில் தொடங்கி, ஊரடங்குக் காலத்தில் வீட்டுக்கு வீடு ஓடியதே ‘குக்கு வித் கோமாளி’, அது இல்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். அதை நான் இன்றும் சிரித்துக்கொண்டே பார்ப்பவள். அங்கே கூத்துதான் பிரதானம், சமையல் ஒரு சாக்கு; அதை அவர்கள் மறைப்பதும் இல்லை. நான் சொல்வது ‘வீட்டுச் சமையல்’, ‘அம்மா கைப்பக்குவம்’ என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லிக் காட்டுகிற வகையைப் பற்றி.

பொங்கல் சிறப்பு நிகழ்ச்சி. எடுத்தது டிசம்பரில். “பார்வையாளர் வரிசைக்கு ஆள் வேணுமாம், வரீங்களா அத்தை?” என்று தம்பி மகன் கேட்டான். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வரச் சொன்னான், ஆனால் பச்சை வேண்டாம், சின்னக் கட்டம் போட்டதும் வேண்டாம் என்றான். பச்சை ஏன் வேண்டாமென்றால், பச்சைத் திரையை வைத்துப் பின்னணியை மாற்றும்போது புடவையும் சேர்ந்து காணாமல் போய்விடுமாம். சின்னக் கட்டம் கேமராவில் நெளியுமாம். என்னிடம் இருக்கும் நல்ல பட்டே இரண்டுதான், அதில் ஒன்று கிளிப்பச்சை. ஆகவே குழப்பமே இல்லாமல் அரக்கைக் கட்டிக்கொண்டு, மெட்ரோ தூண்களுக்கு நடுவே ஊர்ந்து ஊர்ந்து பூந்தமல்லிப் பக்கம் போய்ச் சேர்ந்தேன்.

வெளியிலிருந்து பார்த்தால் அந்தக் கட்டடம் நம்ம வாணிபக் கழக குடோன் மாதிரி தகரக்கூரையோடு நிற்கிறது. உள்ளே போனால் ஏசி எலும்பைத் துளைக்கிறது. மேலே பார்த்தால் கூரை தெரியவில்லை, விளக்குதான் தெரிகிறது. நடுவில் ஒரு கிராமத்து வீட்டு முற்றமும், அதையொட்டி ஒரு அடுக்களையும் போட்டிருந்தார்கள். திண்ணை பிளைவுட். ஓடு தெர்மோகோல். அம்மியும் உரலும் மட்டும் நிஜம், ஆனால் அம்மியில் குழவியை எதிர்ப்பக்கம் பார்த்து வைத்திருந்தார்கள். யாரிடம் சொல்வது?

“கேபிள்ல மட்டும் கால் வச்சிடாதீங்க அத்தை” என்று சொல்லிவிட்டு அவன் கேமராவுக்குப் பின்னால் போய்விட்டான். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து அடுக்களை மேடையின் பின்பக்கம் நன்றாகத் தெரிந்தது. அழகான பித்தளைக் குழாய், அதற்குக் கீழே பளபளவென்று ஒரு சிங்க். சிங்குக்கு அடியில் தண்ணீர் போக வழி கிடையாது, ஒரு பெயின்ட் வாளி இருந்தது. குழாயில் வருவதும் கீழே மறைத்து வைத்திருந்த ஒரு கேனிலிருந்துதான். வாளி நிறைந்ததும் ஒரு பையன் குனிந்தபடியே வந்து எடுத்துக்கொண்டு போய், காலி வாளியை வைத்துவிட்டுக் குனிந்தபடியே போனான். அன்றைக்கு அந்தப் பிள்ளை முதுகை நிமிர்த்தியதை நான் பார்க்கவே இல்லை.

சமையல் தொடங்கும் முன்பே எங்கள் வேலை தொடங்கிவிட்டது. ஃப்ளோர் மேனேஜர் வந்து, “எல்லாரும் கை தட்டுங்க. இப்ப ஆச்சரியப்படுங்க. இப்ப வாய்ல எச்சில் ஊறுற மாதிரி பாருங்க” என்று வரிசையாகச் செய்யச் சொன்னார். கேமரா எங்கள் முகங்களை வாங்கிக்கொண்டது. அடுப்பே பற்றவைக்காத ஒரு சமையலுக்கு நான் நாக்கைச் சப்புக்கொட்டியிருக்கிறேன். பொங்கலன்று அது ஒளிபரப்பும் ஆனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கொளத்தூர் அம்மா என்னைவிட நன்றாக நடித்தார்.

அன்றைய விருந்தாளி ஒரு சீரியல் நடிகை. சமைக்க வேண்டியது திருநெல்வேலிச் சொதி. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தேங்காயில் மூன்று தரம் பால் எடுத்து, மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் காய்களை வேகவைத்து, வெந்த பாசிப்பருப்பைச் சேர்த்து, கடைசியில் முதல் பாலை விட்டு இறக்குகிற குழம்பு அது. அந்தப் பக்கத்துச் சைவக் கல்யாணங்களில் மறுவீட்டுச் சாப்பாட்டுக்கு இதுதான் வைப்பார்கள், கூட இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு வறுவலும். முதல் பால் விட்ட பிறகு கொதிக்கவே கூடாது. ஓரத்தில் நுரை கட்டும்போதே அடுப்பை அணைத்துவிட வேண்டும். விட்டால் திரிந்துவிடும். எலுமிச்சை பிழிவது அதற்கும் பிறகு, சூடு கொஞ்சம் தணிந்த பின்.

நடிகையைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல பெண். கரண்டி பிடித்த விதத்திலேயே அடுப்படி பழகியவள் என்று தெரிந்தது. மேலே பெரிய கடிகாரத்தில் 40 நிமிடம் என்று போட்டு ஓடவிட்டார்கள். ஓடியதைவிட அது நின்றதுதான் அதிகம். விளக்கை நகர்த்த நின்றது, மைக்கைச் சரிபண்ண நின்றது, தொகுப்பாளரின் பவுடர் வழிந்ததற்கு நின்றது. மதியச் சாப்பாட்டுக்குக்கூட நின்றது. நாங்கள் சாப்பிட்டு வந்து உட்கார்ந்தபோது கடிகாரத்தில் இன்னும் 22 நிமிடம் பாக்கி இருந்தது.

அப்புறம்தான் அந்தக் கூத்து. முதல் பாலை ஊற்றி, பெண் கேமராவைப் பார்த்து, “எங்க அம்மா சொல்லிக் குடுத்தது” என்று சிரித்தாள். எங்கிருந்தோ ஒலிபெருக்கியில் இயக்குநர் குரல்: “வளையல் சத்தம் மைக்ல வருது. ஒன் மோர்.” வளையலைக் கழற்றினார்கள். கழற்றினால் முந்தைய காட்சியில் வளையல் இருக்கிறதே என்று திரும்பப் போட்டு, அதற்குள் பஞ்சு சுற்றினார்கள். ஆளுக்கொன்று பேசினார்கள். அடுப்பை அணைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. நான் பாதி எழுந்தும்விட்டேன். “உட்காருங்கம்மா, ஃப்ரேம்ல இருக்கீங்க” என்றார் ஃப்ளோர் மேனேஜர்.

சொதி கொதித்தது. மானிட்டரில் பார்த்தேன், எண்ணெய் தனியே, தண்ணீர் தனியே, நடுவில் கட்டி கட்டியாகப் பால். பார்வையாளர் வரிசையில் இருந்த பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் உச்சுக்கொட்டினோம். அது மட்டும்தான் அன்றைக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமல் நாங்கள் செய்தது. அதைப் பதிவு செய்யவில்லை.

இரண்டே நிமிடம். பின்பக்கக் கறுப்புத் திரை விலகியது. யூனிட்டின் கறுப்பு டி-சர்ட்டைப் புடவைக்கு மேலேயே மாட்டிக்கொண்டிருந்த ஒரு பெண், அச்சாக அதே மாதிரியான பித்தளைச் சட்டியோடு வந்தாள். இதை வைத்தாள், அதை எடுத்தாள், போய்விட்டாள். புதுச் சட்டியில் சொதி வெண்ணெய் நிறத்தில், மேலே கறிவேப்பிலையும் சீரகமும் தாளித்து, தளதளவென்று இருந்தது. ஒரு பையன், துணிக்கு இஸ்திரி போடுகிற ஆவிக் கருவியை மேடைக்கு அடியிலிருந்து பிடித்து, சட்டியிலிருந்து புகை எழுகிற மாதிரி செய்தான். வாழையிலையில் ஸ்பிரே பாட்டிலால் நீர்த்துளி வைத்தார்கள். நடுவர் வந்து ஒரு கரண்டி எடுத்து, கண்ணை மூடி, “பால் திரியாம, பதம் பாத்து இறக்கியிருக்கீங்க பாருங்க. இது அம்மா கைப்பக்குவம்” என்றார்.

எங்களைக் கை தட்டச் சொன்னார்கள். தட்டினோம்.

இடைவேளையில் பாத்ரூம் எங்கே என்று கேட்டுக்கொண்டு போகிற சாக்கில் அந்தத் திரைக்குப் பின்னால் போனேன். கட்டடத்தின் பின்வாசலை ஒட்டித் தகரம் வேய்ந்த ஒரு சாய்ப்பு. ஏசியெல்லாம் கிடையாது. நீல நிற 19 கிலோ சிலிண்டர்கள், இரண்டு பெரிய அடுப்பு, ஒரு கிரைண்டர், மூன்று மிக்ஸி. பெண்கள் நாலைந்து பேர் கீழே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி தண்ணீரில் ஊறிய சின்ன வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி முந்தின காட்சியின் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த காட்சிக்கு அது பளிச்சென்று வேண்டும். சுவரோரம் எவர்சில்வர் டப்பாக்களில் பேனாவால் எழுதி ஒட்டிய சீட்டுகள்: ‘இஞ்சிப் பச்சடி – பச்சை’, ‘இஞ்சிப் பச்சடி – பாதி’, ‘இஞ்சிப் பச்சடி – முடிஞ்சது’. ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் இப்படி மூன்று நிலை. மேடையில் மூடியைப் போட்டு, “இப்ப பாருங்க” என்று திறக்கிறார்களே, இடையில் நடந்த சமையல் முழுக்க இந்தச் சாய்ப்பில்தான்.

சட்டியோடு வந்த பெண் திரிந்த சொதியை ஒரு ஓரமாக வைத்துவிட்டு அடுத்த வேலையில் இருந்தாள். திருநின்றவூரிலிருந்து விடியற்காலை ரயிலில் ஆவடிக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வருகிறவள். சொதி எப்படித் தெரியும் என்று கேட்டேன். திருநெல்வேலிப் பக்கத்து மாஸ்டர் ஒருவரிடம் கல்யாணச் சமையலுக்குக் கையாளாகப் போயிருக்கிறாளாம். முன்கூட்டியே இன்னொரு சட்டி எப்படித் தயாராக இருந்தது என்று கேட்டதற்குச் சொன்னாள்: “பால் சமாச்சாரம்னாலே நான் ரெண்டு சட்டி வச்சிருவேன்மா. அவங்க நிறுத்தி நிறுத்தி எடுப்பாங்க. பால் நிக்குமா?”

அவள் இஞ்சிப் பச்சடிக்கு இஞ்சி வதக்கிக்கொண்டே எனக்குப் பதில் சொன்னாள். முதல் பாலுக்குத் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டேன். “ஒரு தேங்காய்க்கு அரை டம்ளர். வெதுவெதுன்னு இருக்கணும். சூடா ஊத்தினா எண்ணெய் பிரியும்.” பருத்தி வேட்டித் துணியில் முறுக்கிப் பிழிந்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு சொட்டை வைத்துத் தேய்த்துப் பார்ப்பாளாம், வழுக்கினால் முதல் பால், ஒட்டாமல் ஓடினால் போதும் என்று நிறுத்திவிடுவாளாம். மேடையில் வைத்திருந்த பித்தளைச் சட்டிக்கு ஈயம் பூசவில்லை என்பதையும் அவளே கவனித்திருந்தாள். அதனால் எலுமிச்சைச் சாற்றைச் சட்டியில் பிழியாமல் பரிமாறும் கிண்ணத்தில் பிழிந்துவிட்டாள். களிம்பு ஏறக் கூடாது என்று. நடுவர் ருசித்த புளிப்பு அதுதான். இத்தனையும் தெரிந்தவளுக்குத் தினக்கூலி. ஒப்பந்தக்காரர் போன் போட்டுக் கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் இல்லை. கையில் சங்க அட்டை எதுவும் கிடையாது. வெளியே நின்ற லைட்மேனிடம் இருக்கிறது.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த லைட்மேன்கள் தட்டோடு வந்துவிட்டார்கள். “திரிஞ்சா என்னக்கா, ருசி எங்க போயிடும்?” என்று திரிந்த சொதியையும் சோற்றில் ஊற்றிக்கொண்டு போனார்கள். சாப்பாடு வீணாகிறது என்று எழுதியிருந்த வாசகருக்கு இந்தச் செய்தி. எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று நான் சொல்ல மாட்டேன். நான் போன இடத்தில், சாயங்காலம் பேக்-அப் ஆவதற்குள் அத்தனை சட்டியும் காலி.

பொங்கலன்று நிகழ்ச்சியைப் பார்த்தேன். சொதி மொத்தம் நாலைந்து நிமிடத்தில் முடிந்தது. திரையில் ஒரு மூலையில் ‘40 நிமிட விருந்து’ என்று மின்னிக்கொண்டே இருந்தது. கீழே ஓடிய பட்டியலில் ‘தேங்காய்ப் பால் – தேவையான அளவு’. தேவையான அளவு! நான் பதிவேட்டில் ஒரு நாளாவது ‘பருப்பு – தேவையான அளவு’ என்று எழுதியிருந்தால் தணிக்கைக்கு வந்தவர் என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

முடிவில் பெயர்கள் ஓடின. திரையின் கால்பாகத்தில் நசுக்கி, மீதி முக்கால் பாகத்தில் அடுத்த நாள் போடப்போகும் படத்தின் விளம்பரத்தை ஓட்டினார்கள். நானும் விடுவதாக இல்லை. பேரனைக் கூப்பிட்டு, அதைச் செல்போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னேன். ஒப்பனை, சிகை, உடை, நகை வழங்கியவர், மைக், வண்டி, பூ அலங்காரம் எல்லாம் இருந்தது. பித்தளைப் பாத்திரம் கொடுத்த கடையின் பெயர் இருந்தது. அந்தப் பாத்திரத்தில் இருந்ததைச் சமைத்தவளின் பெயர் இல்லை.

தம்பி மகனிடம் கேட்டேன். “அவங்க பேரைப் போட்டா, நடிகை சமைக்கலையான்னு கேப்பாங்க அத்தை” என்றான். அவன் உண்மையைத்தான் சொல்கிறான், அதனால்தான் எழுதுகிறேன். சண்டைக் காட்சியில் கதாநாயகனுக்குப் பதில் மாடியிலிருந்து குதிப்பவர் வேறு ஆள் என்று ஊருக்கே தெரியும். சண்டைக்காரர்களின் பெயரும் படத்தில் வருகிறது. அதற்காக யாரும் கதாநாயகனைப் பார்க்காமல் இருந்துவிட்டோமா? பின்கட்டில் சமைத்தவர் பெயரைப் போட்டால் மட்டும் எது குடி முழுகிப் போகும்?

இது ஒரு பெண்ணின் பெயரோடு நிற்கிற விஷயமும் இல்லை. எங்கள் பக்கத்து வீட்டு மருமகள் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஏழு மணிக்கு வீடு திரும்பி அடுப்படிக்குள் போனால் ஒன்பதாகிறது. மாமியார் என் சிநேகிதிதான், கெட்டவள் கிடையாது. ஆனால் அவள் வாயிலேயே கேட்டேன்: “டிவியில எல்லாம் இருபது நிமிஷத்துல மூணு அயிட்டம் பண்றாங்க. இவளுக்கு ஒரு குழம்புக்கு இவ்வளவு நேரமா?” அந்த இருபது நிமிடத்துக்குப் பின்னால் ஒரு தகரச் சாய்ப்பும் நாலைந்து பெண்களும் இருக்கிறார்கள் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? காட்டினால்தானே?

வீட்டு வேலைக்கு யார் எவ்வளவு நேரம் செலவழிக்கிறார்கள் என்று மத்திய அரசின் புள்ளியியல் துறையே கணக்கெடுத்திருக்கிறது. 2019-இல் வீட்டு வேலை செய்பவர்களில் பெண்களுக்கு ஒரு நாளைக்குச் சராசரி 299 நிமிடம், ஆண்களுக்கு 97 நிமிடம். 2024-இல் மறுபடி எடுத்ததில் பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. பெண்களுக்கு 10 நிமிடம் குறைந்ததே என்று சந்தோஷப்படப் போனால், ஆண்களும் 9 நிமிடத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறார்கள். கெட்டிக்காரர்கள்.

வெங்காயம் உரிப்பதைக் காட்டினால் யார் பார்ப்பார்கள் என்று தயாரிப்பாளர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். முழுக்கக் காட்டச் சொல்லவில்லை. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியது. எங்கள் தெருவில் டிவி இருந்த ஒரே வீட்டில் போய் உட்கார்ந்து பார்ப்போம். அதில் சமையல் சொல்லித்தருகிற அம்மாக்கள் ஒவ்வொரு அளவையும் சொல்லிவிட்டு, நாங்கள் எழுதிக்கொள்ளக் கொஞ்சம் நிறுத்துவார்கள். பார்க்க அலுப்பாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதைப் பார்த்து எழுதிய நோட்டை வைத்து இன்றைக்கும் என்னால் சமைக்க முடிகிறது. பொங்கலன்று பார்த்ததை வைத்து என்னால் ஒரு டம்ளர் தேங்காய்ப் பால்கூட எடுக்க முடியாது. அந்தப் பெண் சொல்லிக்கொடுத்ததால் தப்பித்தேன்.

ஆகவே சேனல்காரர்களுக்கு உங்கள் மூலமாக ஒரு விண்ணப்பம். முதலில், பின்கட்டில் சமைக்கிறவர்கள், நறுக்கிக் கொடுக்கிறவர்கள், தேய்த்துக் கழுவுகிறவர்கள் பெயரை நிகழ்ச்சி முடிவில் போடுங்கள், படிக்கிற அளவு பெரிதாக. ‘40 நிமிடம்’ என்று போடும் அதே மூலையில், முன்தயாரிப்புக்கு இவ்வளவு நேரம், இத்தனை பேர் என்றும் ஒரு வரி போடுங்கள். எங்கள் மையத்தின் வருகைப் பதிவேட்டில் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் மூன்று பேர் கையெழுத்தும் இருக்கும். மேலதிகாரி வந்து சாம்பார் சாதம் நன்றாக இருக்கிறது என்றால், யார் வைத்தது என்று அதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். அரசாங்கம் அந்தக் காலத்திலேயே செய்ததை, இத்தனை கேமரா வைத்திருக்கிறவர்கள் செய்ய முடியாதா? அளவைப் பற்றி இன்னொரு தரம் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

இடம் இருந்தால் அந்தச் சொதியின் அளவையும் நேரத்தையும் கீழே போடுங்கள். திருநின்றவூர்ப் பெண் சொன்னதை வீட்டில் செய்து பார்த்து, கடிகாரத்தை வைத்துக் குறித்துக்கொண்டது.

ஆறு பேருக்குப் பெரிய தேங்காய் 2. உடைத்துத் துருவ 20 நிமிடம். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்துப் பிழிந்தால் முதல் பால், அப்புறம் இரண்டிரண்டு டம்ளர் விட்டு இரண்டாம் பாலும் மூன்றாம் பாலும். இதற்கு 30 நிமிடம். சின்ன வெங்காயம் இருபது, பூண்டு பதினைந்து பல் உரிக்க 30 நிமிடம், தண்ணீரில் ஊறப்போட்டும் அவ்வளவு ஆகிறது. கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, முருங்கைக்காய் எல்லாமாக அரை கிலோ நறுக்க 20 நிமிடம். அடுப்பில் 40 நிமிடம்: 100 கிராம் பாசிப்பருப்பைத் தனியே குழைய வேகவைத்துக்கொண்டு, கீறிய பச்சைமிளகாய் எட்டு, வெங்காயம், பூண்டு, காய்களை முதலில் மூன்றாம் பாலில், பிறகு இரண்டாம் பாலில் வேகவைத்து, உப்பும் பருப்பும் சேர்த்து, முதல் பாலை விட்டு, ஓரம் நுரைத்ததும் அணைத்துவிடவும். நெய்யில் சீரகம், கறிவேப்பிலை தாளிக்கவும். ஆறியதும் ஒரு எலுமிச்சம்பழம், ஒரு துண்டு இஞ்சியின் சாறு. பாத்திரம் கழுவி மேடையைத் துடைக்க 25 நிமிடம். மொத்தம் 2 மணி 45 நிமிடம், ஒரே ஆள் செய்தால். தேங்காய் துருவவும் வெங்காயம் உரிக்கவும் வீட்டு ஆண்களை உட்கார வைத்தால் 1 மணி 55 நிமிடத்தில் முடிகிறது. நான் உட்கார வைத்தேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
அயனாவரம், சென்னை – 23